தங்கம் இல்லாத 19 ஆண்டுகள்: லீ சோங் வெய்யை எந்தத் தராசில் நிறுப்பது?

2019 ஜூன் 13ஆம் தேதி, வியாழக்கிழமை, புத்ராஜெயாவில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் டத்தோ லீ சோங் வெய் கண்ணீரோடு தமது ஓய்வை அறிவித்தார். வயது 36. தேசியக் குழுவில் 19 ஆண்டுகள் இருந்தவர். மூக்குப் புற்றுநோய்க்குத் தைவானில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 2020 தோக்கியோ ஒலிம்பிக்வரை ஆடிவிட வேண்டும் என்ற நினைப்பில் பயிற்சியையும் மீண்டும் தொடங்கியவர். உடம்பு இடம் கொடுக்கவில்லை. மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அழுத முகத்தைப் பார்த்து நாடே உருகியது உண்மைதான். ஆனால் உருக்கம் அடங்குவதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. மாமாக் கடை மேசையில் உட்கார்ந்தால் காதில் விழும். “மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் வெள்ளிதானே?” “லின் டானைக் கண்டாலே கை நடுங்கும்.” “ஊக்கமருந்தில் மாட்டினவர்தானே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?” “முப்பது வயதிலேயே விலகியிருந்தால் இளையவர்கள் வந்திருப்பார்கள்.” தே தாரிக் ஆறுவதற்குள் 19 வருட உழைப்பு ‘தங்கம் இல்லாதவர்’ என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சுகளில் சிலவற்றில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையை எடுத்து எந்தத் தராசில் வைக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் ஊர்க்கணக்கு ஒன்றைத் தீர்த்துவிடலாம். பலரும் அவரைப் பினாங்குக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்தது, ஆடப் பழகியது எல்லாம் புக்கிட் மெர்தாஜாமில்தான். ஆனால் 1982 அக்டோபர் 21ஆம் தேதி அவர் பிறந்தது நம் பேராக்கில், கிரியான் மாவட்டத்துப் பாகான் செராயில். தைப்பிங்கிலிருந்து பாரிட் புந்தார் பக்கம் பழைய சாலையில் போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். இரண்டு பக்கமும் நெல்வயல், நடுவே சின்ன டவுன். அந்த வட்டாரத்தில் ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் அங்கே அந்தக் காலத்திலேயே வந்து இறங்கியவர்கள். ஆகவே ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று சொல்லிக்கொள்ள ஈப்போக்காரருக்கும் பாகான் செராய்க்காரருக்கும் உரிமை உண்டு.

சிறுவயதில் அவருக்குப் பிடித்தது கூடைப்பந்து. வெயிலில் ஆடுகிறானே என்று அம்மா தடுத்துவிட்டார். பூப்பந்துப் பிரியரான அப்பா மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். பதினோரு வயதில் தொடங்கிய பையனை 17 வயதில், 2000ஆம் ஆண்டில், மிஸ்புன் சீடேக் தேசியக் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்த கதை.

தங்கக் கணக்கு

இப்போது பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒலிம்பிக் தங்கம் இல்லை. உலக வெற்றியாளர் பட்டமும் இல்லை. இரண்டும் உண்மை.

2008 பெய்ஜிங் இறுதியாட்டத்தில் லின் டானிடம் 12-21, 8-21 என்று தோற்றார். அது ஆட்டமே இல்லை. எழுந்து நிற்கவே விடவில்லை. 2012 லண்டனில் மறுபடியும் லின் டான். 21-15, 10-21, 19-21. மூன்றாவது செட்டில் இரண்டே புள்ளி வித்தியாசம். அந்த ஆண்டு மே மாதம் வூஹானில் தோமஸ் கிண்ண ஆட்டத்தில் கணுக்கால் தசைநார் கிழிந்து, ஒலிம்பிக்குக்குப் போவாரா மாட்டாரா என்று இருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தோற்றபின் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2016 ரியோவில் அரையிறுதியில் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று ஒருவழியாகச் சாய்த்தார். ஒலிம்பிக் மேடையில் அவர் லின் டானை வென்றது அந்த ஒரு முறைதான். மறுநாள் இறுதியாட்டத்தில் இன்னொரு சீனர், சென் லோங். 18-21, 18-21.

உலக வெற்றியாளர் போட்டியும் இதே கதை. 2011இல் லண்டன் வெம்ப்ளியில், வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி என்ற நிலைக்கு வந்தபின் கடைசி செட்டை 21-23 என்று விட்டார். 2013இல் குவாங்சோவில் கடைசி செட்டில் 17-20 என்று இருந்தபோது காலில் தசைப்பிடிப்பு வந்து தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டு போனார்கள். 2015இல் ஜக்கார்த்தாவில் மறுபடியும் சென் லோங்.

இதைப் படிக்கும்போது ‘துரதிர்ஷ்டசாலி’ என்று சொல்லத் தோன்றும். நான் அந்தச் சொல்லையும் ஏற்கமாட்டேன். இத்தனை இறுதியாட்டங்களை அதிர்ஷ்டத்தின் தலையில் போட முடியாது. பெரிய நாளில் லின் டான் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர். இருவரும் 40 முறை மோதினார்கள். லின் டான் வென்றது 28, சோங் வெய் வென்றது 12. அந்தக் கணக்கை யாரும் மாற்றி எழுத முடியாது, எழுதவும் வேண்டாம்.

ஆனால் 40 முறை என்ற எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பூப்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியே என்ற முறையில் நடப்பவை. முதல் நிலை ஆட்டக்காரரையும் இரண்டாம் நிலை ஆட்டக்காரரையும் அட்டவணையின் இரு முனைகளில் வைப்பார்கள். இருவரும் சந்திக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் நாலைந்து பேரை ஒவ்வொருவரும் வீழ்த்திவிட்டு வர வேண்டும். 28 முறை தோற்பதற்குக்கூட 28 முறை அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும். மற்றவர்கள் லின் டானிடம் அதிகம் தோற்காததற்கு ஒரு காரணம், அவர்கள் அவரைச் சந்திக்கும் கட்டத்துக்கே வந்து சேரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1992 பார்சிலோனாவில்தான் பூப்பந்து முறையான ஒலிம்பிக் விளையாட்டானது. அதிலிருந்து ரியோவரை ஏழு ஒலிம்பிக் நடந்திருக்கிறது. ஆண்கள் ஒற்றையரில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் ஆடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். லின் டான் இரண்டில்தான் ஆடினார். மூன்றில் ஆடியவர் பாகான் செராயில் பிறந்தவர்.

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் யார்? பூப்பந்தை ஊறிப்போய்ப் பார்க்கிறவர்களைத் தவிர மற்றவர்கள் யோசிப்பார்கள். சீனாவின் ஜி சின்பெங். நல்ல ஆட்டக்காரர், அந்த வாரம் அவருடையது. அவரிடம் இறுதியில் தோற்று வெள்ளி வாங்கியவர் இந்தோனேசியாவின் ஹெண்ட்ராவான். பின்னாளில் நம் சோங் வெய்க்கே பயிற்றுநராக வந்தவர். ஒலிம்பிக் தங்கம் ஒன்றே அளவுகோல் என்றால் ஜி சின்பெங் சோங் வெய்யைவிடப் பெரியவர் ஆகிவிடுவார். அப்படிச் சொல்லும் பூப்பந்து ரசிகர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் பழைய ஆட்டக்காரர்களை இந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். அமரர் பஞ்ச் குணாளன் 1970 பேங்காக் ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் வென்றவர். 1971இல் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைக் கொண்டுவந்தவர். அவர் காலத்தில் ஒலிம்பிக்கில் பூப்பந்துக்குப் பதக்கமே கிடையாது. அதற்காக அவர் சிறியவரா? இன்று உலகம் முழுக்க ஆடும் 21 புள்ளி முறையைக் கொண்டுவந்ததில் முன்னின்றவரும் அவர்தான்.

கோலகங்சாரில் பிறந்த டாக்டர் ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் என மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டர் அரையிறுதியில் 20.92 விநாடி. அந்த நேரத்தை முறியடிக்க இந்த நாட்டுக்கு 49 ஆண்டு பிடித்தது. 2017இல்தான் கைருல் ஹாபிஸ் முறியடித்தார். நம் தாத்தாமார் ஜெகதீசன் பெயரைச் சொல்லும்போது ‘ஒலிம்பிக் பதக்கம் இல்லாதவர்’ என்று யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. ‘பறக்கும் டாக்டர்’ என்றுதான் சொன்னார்கள்.

349 வாரம் என்றால் என்ன?

உலகத் தர வரிசையில் சோங் வெய் மொத்தம் 349 வாரங்கள் முதலிடத்தில் இருந்தார். கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஆண்டு. அதில் 2008 ஆகஸ்டு முதல் 2012 ஜூன்வரை 199 வாரங்கள் ஒரே மூச்சில். இந்த எண் பத்திரிகைகளில் வருகிறதே தவிர, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஒரு ஆட்டக்காரர் கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் அவருக்கு நன்றாக அமைந்த பத்தை எடுத்து அதன் புள்ளிகளைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு வாரமும் பழையது கழியும், புதியது சேரும். போன வருடம் மார்ச்சில் அகில இங்கிலாந்தை வென்றிருந்தால் இந்த வருடம் மார்ச்சில் அந்தப் புள்ளி போய்விடும். மறுபடியும் வென்றால்தான் இடம் நிலைக்கும். உட்கார்ந்து சாப்பிட முடியாது.

பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, காட்டுக்குப் போய், வெட்டி, பாலைச் சேர்த்துக்கொண்டு வந்து நிறுத்தால்தான் அன்றைய கணக்கு. நேற்று அதிகம் கொண்டுவந்தேனே என்று இன்று கிராணியிடம் சொல்ல முடியாது. மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் வருடக் கடைசியில் இந்தத் தோட்டத்தில் நல்ல வெட்டுக்காரர் யார் என்று கேட்டால், ஒரு நாள் அதிகம் கொண்டுவந்தவரை யாரும் சொல்லமாட்டார்கள். தினமும் குறையாமல் கொண்டுவந்தவரைத்தான் சொல்வார்கள். தர வரிசை அந்த மாதிரிக் கணக்கு. ஒலிம்பிக் என்பது நான்கு வருடத்துக்கு ஒரு நாள் நிறுப்பது. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றை இல்லை என்று சொல்லக்கூடாது.

அந்த அன்றாடக் கணக்கில் அவர் சேர்த்தது 69 அனைத்துலகப் பட்டங்கள். மலேசியப் பொதுப் போட்டியை மட்டும் 2004 முதல் 2018வரை 12 முறை. அகில இங்கிலாந்து நான்கு முறை: 2010, 2011, 2014, 2017. காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் மூன்று: 2006 மெல்பர்ன், 2010 டில்லி, 2018 கோல்ட் கோஸ்ட். தங்கமே இல்லாதவர் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்றையும் எங்கே வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கோல்ட் கோஸ்டில் இறுதியில் தோற்றவர் இந்தியாவின் ஸ்ரீகாந்த். முதல் செட்டை இழந்துவிட்டு 35 வயதுக்காரர் அடுத்த இரண்டையும் 21-14, 21-14 என்று எடுத்தார்.

லின் டானைக் கண்டால் நடுங்குவார் என்பவர்கள் 2006 மலேசியப் பொதுப் போட்டியின் இறுதியாட்டத்தை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். கூச்சிங்கில் நடந்தது. கடைசி செட்டில் லின் டான் 20, சோங் வெய் 13. இன்னும் ஒரு புள்ளி போனால் முடிந்தது. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏழு புள்ளி எடுத்துச் சமன் செய்து, 23-21 என்று வென்றார். நடுங்குகிற கை அப்படி ஆடாது.

மருந்து விவகாரம்

இதைத் தொடாமல் அவருக்குப் பரிந்து எழுதினால் அது நேர்மையாகாது. 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலக வெற்றியாளர் போட்டியின்போது எடுத்த பரிசோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து அவர் உடலில் இருப்பது தெரிந்தது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து அது. காயத்துக்கு மருத்துவர்கள் கொடுப்பதுதான்; போட்டி நடக்கும் காலத்தில் உடலில் இருக்கக்கூடாது என்பது விதி. நம் ஆட்களில் சிலர் இதைத் தசை முறுக்கேற்றும் ஊசியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு, இது வேறு.

2015 ஏப்ரலில் உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது. அவர் உட்கொண்ட கோர்டிசெப்ஸ் என்ற சீன மூலிகை மருந்தின் ஜெலட்டின் உறை வழியாக அந்தப் பொருள் உடலில் சேர்ந்தது என்ற விளக்கத்தைக் குழு ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்றும் சொன்னது. ஆனாலும் எட்டு மாதத் தடை கொடுத்தது. தடை முன் தேதியிட்டுக் கணக்கிடப்பட்டதால் 2015 மே 1ஆம் தேதியோடு முடிந்தது. கோப்பன்ஹேகனில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் பறிபோனது.

எண்ணமே இல்லை என்றால் ஏன் தண்டனை? ஊக்கமருந்துச் சட்டத்தில் உடலுக்குள் போவது எதுவானாலும் பொறுப்பு விளையாட்டாளருடையது. தெரியாமல் போனது என்று நிரூபித்தால் தண்டனை குறையும், அழியாது. ஆகவே அவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது தீர்ப்பு; ஏமாற்றுக்காரர் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் கலந்து பேசுவது நியாயமில்லை. நம் வீடுகளில் மூலிகை என்றால் கெடுதல் இருக்காது என்று எதையும் வாங்கி விழுங்கும் பழக்கம் இருக்கிறது. விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வழக்கைச் சொல்லிக் கொடுக்கலாம்.

தடை முடிந்து வந்தபோது தர வரிசையில் வெகு கீழே போயிருந்தார். அந்த ஆகஸ்டில் ஜக்கார்த்தா உலகப் போட்டியில் சிறப்பு இடம் எதுவும் இல்லாமல் இறங்கி இறுதியாட்டம்வரை போனார். அடுத்த ஆண்டு ரியோவுக்குப் போகும்போது மறுபடியும் முதல் நிலை ஆட்டக்காரர்.

வழிவிடவில்லையா?

இந்தக் குற்றச்சாட்டுதான் எனக்குச் சற்றுக் கோபத்தை உண்டாக்குவது. பூப்பந்தில் யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை. இவரைத் தோற்கடித்துவிட்டால் வழி தானாகத் திறக்கும். 2017 பிப்ரவரியில் பயிற்சித் தளத்தில் வழுக்கி முழங்காலில் அடிபட்டார். அது தொடர்பாகச் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநர் மோர்டன் புரோஸ்டுடன் வெளிப்படையாக மோதலும் வந்தது. இனி முடிந்தது என்று எழுதினார்கள். அடுத்த மாதமே 34 வயதில் அகில இங்கிலாந்து இறுதியில் சீனாவின் இளைஞர் ஷி யூச்சியை 21-12, 21-10 என்று அனுப்பிவைத்தார். அப்படி ஆடுகிறவரைப் போய் எழுந்திரு என்று எந்த நாடு சொல்லும்?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 19 வருடத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்க இன்னொரு ஒற்றையர் ஆட்டக்காரரை நாம் ஏன் உருவாக்கவில்லை? அது ஆட்டக்காரரின் வேலை இல்லை. சங்கத்தின், பயிற்சி முறையின் வேலை. 2012 லண்டனில் பூப்பந்தின் ஐந்து தங்கத்தையும் சீனா அள்ளிக்கொண்டு போனது. ஒற்றையரில் மட்டும் லின் டான், பாவ் சுன்லாய், சென் ஜின், சென் லோங் என்று ஒருவர் பின் ஒருவராக அவர்களிடம் ஆள் இருந்தது. ஒருவரைத் தாண்டினால் இன்னொருவர். நம் பக்கத்தில் ஒரே ஆள்.

தோமஸ் கிண்ணத்தைக் கொண்டுவரவில்லையே என்பதும் இதில் அடக்கம். குழுப் போட்டியில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வென்ற நாடு ஜெயிக்கும். ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவர் கொடுக்கக்கூடியது ஒரு புள்ளி. 2014 டில்லியில் ஜப்பானுக்கு எதிரான இறுதியில் அவர் தமது புள்ளியைக் கொடுத்தார். மலேசியா 2-3 என்று தோற்றது. மீதி இரண்டு புள்ளியையும் அவரிடமே கேட்டால் எப்படி?

நாட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ரியோவரை மலேசியா வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் 11. அதில் வெள்ளி 7, வெண்கலம் 4. தங்கம் எந்த விளையாட்டிலும் இல்லை. அந்த ஏழு வெள்ளியில் மூன்று இவர் ஒருவருடையது. ஆண்கள் ஒற்றையரில் இவருக்கு முன் நமக்குக் கிடைத்தது 1996 அட்லாண்டாவில் ரஷீட் சீடேக்கின் வெண்கலம் ஒன்றுதான். நாட்டுக்கே இல்லாத தங்கத்துக்கு ஒரு ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம்.

அதே ரியோவில் இந்தியாவின் பி.வி. சிந்துவும் இறுதியில் தோற்று வெள்ளி வாங்கினார். ஹைதராபாத்தில் திறந்த பேருந்தில் ஊர்வலம் விட்டார்கள். தெரு முழுக்க ஜனம். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். அதே வாயால் ‘வெள்ளிதானே’ என்று இவரைச் சொன்னோம்.

இதெல்லாம் ஒரு பணக்கார ஆட்டக்காரரின் பெயருக்காக நடக்கும் சண்டை என்று யாராவது நினைக்கலாம். அவருக்கு நம் வக்காலத்து தேவையில்லைதான். ஆனால் இந்தப் பேச்சைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டு டவுன் பக்கத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தபோது நாம் இழந்தவற்றில் திடலும் ஒன்று. தோட்டத்தில் சாயங்காலம் வேலி ஓரம் கயிறு கட்டினால் பூப்பந்து, அந்தப் பக்கம் பந்து உதைப்பவர்கள். காசு ஒன்றும் வேண்டாம். இப்போது ஈப்போவில் ஒரு பிள்ளை ஒழுங்காகப் பூப்பந்து பழக வேண்டுமென்றால் மண்டப வாடகை, ஷட்டல், காலணி, பயிற்றுநர் கட்டணம் என்று மாதா மாதம் கையைக் கடிக்கும். அந்தச் செலவைச் செய்யும் தகப்பன் “இதில் என்ன வரப்போகிறது?” என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டம் ஆடியவருக்கே நாம் கொடுத்த பட்டம் ‘ஒன்றும் வாங்காதவர்’ என்றால், மாவட்ட அளவில் மூன்றாவதாக வந்து சான்றிதழோடு வீட்டுக்குள் நுழையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? முதலிடம் இல்லையென்றால் ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டியூஷனுக்குப் போ என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் குறைவில்லை.

அவர் விளையாடிய முறையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், எண்களில் அது வராது. அவர் உயரமானவர் இல்லை. சென் லோங் பக்கத்தில் நின்றால் தெரியும். அந்தக் குறையைக் காலால் ஈடுகட்டினார். கோட்டின் எந்த மூலைக்குப் போட்டாலும் ஷட்டல் தரையைத் தொடுமுன் போய் நிற்பார். பின்கோட்டிலிருந்து எகிறி ஒரு ஸ்மாஷ். எதிராளி அதை எப்படியோ எடுத்துக் கொடுத்தால் அது வலையைத் தாண்டும்போது இவர் ஏற்கெனவே வலைக்குப் பக்கத்தில் இருப்பார். உடம்பை இப்படி 19 வருடம் ஓட்டியவருக்கு முழங்காலும் கணுக்காலும் என்ன பாடுபட்டிருக்கும் என்று வெட்டுக்காட்டில் மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பார்க்காதவர்கள் அவருடைய கடைசி இறுதியாட்டத்தையாவது பார்க்கலாம். 2018 ஜூலை 1, புக்கிட் ஜாலில். மலேசியப் பொதுப் போட்டி. எதிரே ஜப்பானின் கெந்தோ மொமோத்தா, 23 வயது; அடுத்த மாதமே உலக வெற்றியாளர் ஆனவர். சோங் வெய்க்கு 35. முதல் செட் 21-17. இரண்டாவது செட்டில் மொமோத்தா விடவில்லை, 20ஐத் தாண்டி இழுத்தது. 23-21 என்று முடிந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. பன்னிரண்டாவது பட்டம். அதுதான் கடைசி என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. சில வாரங்களில் உடல்நலக் குறைவு என்று உலகப் போட்டியிலிருந்தும் ஆசியப் போட்டியிலிருந்தும் விலகினார். செப்டம்பரில்தான் நோயின் பெயர் வெளியே வந்தது.